24 டம்ளரும் ஒரு சிரிஞ்சும்: புல்தரை ஸ்பிரிங்க்ளரை அளந்து பார்க்கும் விதம்

"ராத்திரி பூரா தண்ணி ஓடுதுங்க சார். இந்தப் பக்கம் வைக்கோலாட்டம் கெடக்குது, அந்தப் பக்கம் கால் வெச்சா சேறு. நான் என்ன பண்றதுங்க?"

கோவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி கிரிக்கெட் மைதானம். அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது. மைதானத்தில் எட்டு மண்டலங்கள், மண்டலத்துக்கு ஒரு வால்வு. ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் 45 நிமிடம் ஓடவிட்டிருக்கிறார்கள். புல் காய்ந்ததும் ஒரு மணி நேரம் ஆக்கினார்கள். மறுபடி காய்ந்தது. நான் போனபோது 90 நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த இடம் காய்ந்தபடியே இருந்தது, சேறு மட்டும் பெரிதாகியிருந்தது.

ஏறக்குறைய எல்லாப் புல்தரையிலும் நடப்பது இதுதான். கொஞ்சம் இடம் காய்கிறது என்பதற்காக மொத்தத் தரைக்கும் நேரத்தைக் கூட்டுகிறோம். தண்ணீர் பற்றவில்லையா, சமமாக விழவில்லையா என்று யாரும் அளப்பதில்லை. அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு காலைப் பொழுது போதும். நான் அன்று செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன். வீட்டு லான் என்றாலும் முறை இதுதான்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் கோளாறுகளைச் சரிசெய்துவிட்டு அளப்பதா, இருக்கிறபடியே அளப்பதா? சொந்தப் புல்தரை என்றால் சரிசெய்துவிட்டு அளங்கள், ஒரு வேலை மிச்சம். செலவுக்கு வேறொருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் தொடாமல் அளங்கள். "முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு" என்று காட்டினால்தான் பணம் வரும். கல்லூரி நிர்வாகத்துக்குக் காகிதம் தேவைப்பட்டது, அதனால் நான் இருக்கிறபடியே அளந்தேன்.

அளப்பதற்கு முன் ஒரு நடை. ஒவ்வொரு மண்டலத்தையும் நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, நனைந்தாலும் பரவாயில்லை என்று உள்ளே இறங்கி, தண்ணீர் பீய்ச்சும் ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளர் தலையின், அதாவது ஹெட்டின், பக்கத்திலும் நின்று பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது என் வழக்கம். சொதசொதப்பு கண்ணுக்கு முன்னால் காலுக்குத் தெரியும். ஹெட் நேராக நிற்கிறதா, ரோலரோ மிஷினோ ஏறிச் சாய்ந்திருக்கிறதா? முழுசாக மேலே எழும்புகிறதா, புல் மூடிப் பாதியில் நிற்கிறதா? சுற்றுகிறதா, ஒரே பக்கம் பார்த்துப் பீய்ச்சுகிறதா? கழுத்து சீல் வழியாகத் தண்ணீர் கசிகிறதா? ஒவ்வொரு ஹெட்டுக்கும் எண் போட்டு நோட்டில் எழுதுங்கள். எண் போடாமல் "அந்த வேப்பமரத்துக்கிட்ட இருக்கிறது" என்று எழுதினால் மறுவாரம் உங்களுக்கே புரியாது.

இந்த நடையில் ஏழாம் எண் ஹெட் புல்லுக்குள் இரண்டு விரற்கடை புதைந்து, ஒரு பக்கம் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. பெர்முடா என்று விலை கொடுத்து வாங்கிப் போடுகிறோமே, அது வேறு யாருமில்லை, நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். அருகு போல் வேரோடும், ஆல் போல் தழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்டால் ஹெட்டை அப்படியே விழுங்கிவிடும்.

அடுத்தது பிரஷர். இதை விட்டுவிட்டு டம்ளரை எடுக்காதீர்கள். மோட்டார் ரூமில் உள்ள மீட்டரைப் பார்த்து "நாலு கிலோ இருக்கு, போதும்" என்பார்கள். கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ அழுத்தம் என்று அர்த்தம். அந்த மீட்டர் காட்டுவது மோட்டாருக்குப் பக்கத்துப் பிரஷர். நமக்கு வேண்டியது நாசிலில், அதாவது ஹெட்டில் தண்ணீர் வெளியே வரும் துளைத் துண்டில். வளைந்த மெல்லிய குழாய் வைத்த பிடோ மீட்டர் என்று ஒன்று கிடைக்கிறது. நாசிலிலிருந்து பீய்ச்சும் தண்ணீருக்கு நேரே, வாய்க்கு மிக அருகில் அதன் முனையைப் பிடித்தால் முள் நிற்கும். முதல் ஹெட், நடு ஹெட், கடைசி ஹெட் என்று மூன்றிலாவது பாருங்கள்.

எனக்கு வந்தது: மோட்டாரில் 4.2 கிலோ, முதல் ஹெட்டில் 2.9, கடைசியில் 2.1. அந்த நாசிலுக்கு வேண்டியது மூன்றிலிருந்து மூன்றரை கிலோ. ஆக, இரண்டு தப்பு. ஒன்று, எல்லா இடத்திலும் பிரஷர் குறைவு. இன்னொன்று, முதலுக்கும் கடைசிக்கும் இடையே கால் பங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே மண்டலத்துக்குள் இந்த வித்தியாசம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்கு எளிது: பிரஷர் பாதியானால் தண்ணீர் பாதியாவதில்லை, 70 சதவீதமாகிறது. வர்க்கமூலக் கணக்கு. அதனால் 20 சதவீத பிரஷர் வித்தியாசம் தண்ணீரில் 10 சதவீதமாகத்தான் தெரியும், அது வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம்.

மீட்டர் இல்லையென்றால் கண்ணை நம்பலாம், ஓரளவு. பிரஷர் குறைந்தால் தண்ணீர் உடையாமல் கயிறு மாதிரி போய் தூரத்தில் ஒரு வளையமாக விழும், நடுவில் காய்ந்திருக்கும். ஜாஸ்தியானால் புகை மாதிரிப் பனியாகி காற்றோடு போய்விடும். பனி பார்க்க அழகாகத்தான் இருக்கும், போட்டோ எல்லாம் எடுப்பார்கள். புல்லுக்கு வந்து சேராது.

இனி டம்ளர். இதற்கென்றே விற்கும் கப்புகள் உண்டு. நான் டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் 24 எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். "வீட்ல விசேஷமுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். எந்தப் பாத்திரமாக இருந்தாலும் சரி, எல்லாம் ஒரே அளவு, ஒரே வாயாக இருக்க வேண்டும். தயிர் டப்பாவும் போதும், ஆனால் காற்றில் சாயும். என் டம்ளரின் வாய் 8 செ.மீ. குறுக்களவு. அப்படியென்றால் வாயின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ. இது ஒரு வசதி: டம்ளரில் 5 மி.லி. சேர்ந்தால் தரையில் 1 மி.மீ. மழை விழுந்தது என்று அர்த்தம். உங்கள் பாத்திரம் வேறு அளவு என்றால் மி.லி.யைப் பத்தால் பெருக்கி வாயின் பரப்பால் வகுத்துக்கொள்ளுங்கள், மி.மீ. வந்துவிடும்.

எங்கே வைப்பது? இங்கேதான் ஆட்கள் தங்களை அறியாமல் ஏமாற்றிக்கொள்கிறார்கள். பச்சையாக இருக்கும் இடத்தில் நாலு, காய்ந்த இடத்தில் நாலு என்று மனசுக்குப் பிடித்த மாதிரி வைத்தால் கணக்கு கெட்டது. கட்டம் போட்டு வையுங்கள். அங்கே ஹெட்டுகள் 12 மீட்டருக்கு ஒன்று. பவுண்டரி ஓரமாக அடுத்தடுத்த இரண்டு சதுரங்களை எடுத்துக்கொண்டேன், அதாவது 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சுற்றிலும் ஆறு ஹெட். அதற்குள் நாலு வரிசை, வரிசைக்கு ஆறு டம்ளர். நீளவாக்கில் 4 மீட்டர் இடைவெளி, குறுக்குவாக்கில் 3 மீட்டர். ஓரத்திலிருந்து பாதி இடைவெளி தள்ளித் தொடங்கினால் எல்லா டம்ளருக்கும் சம நிலம் பங்காகும். டம்ளருக்கும் எண் உண்டு, காகிதத்தில் வரைபடம் உண்டு. 24-ஐ நாலால் வகுக்க முடியும் என்பதும் ஒரு சௌகரியம், ஏன் என்று பின்னால் தெரியும்.

ஒரு முக்கியமான விஷயம். நான் வைத்த இடத்தில் உள்வரிசை ஹெட்டுகள் பக்கத்து மண்டலத்தைச் சேர்ந்தவை. ஒரு மண்டலத்தை மட்டும் ஓடவிட்டு அளந்தால் அந்தப் பக்க டம்ளரெல்லாம் காலியாக இருக்கும், ஸ்பிரிங்க்ளரே மோசம் என்று எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள். டம்ளரை எடுக்காமல் இரண்டு மண்டலத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே நேரம் ஓடவிட வேண்டும். தினமும் எப்படி ஓடுகிறதோ அப்படியே. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் பிரஷர் இறங்கிவிடும், அதுவும் தப்பு.

காற்று. மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும். கோவையில் விடிகாலை அதற்குத் தோது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் பிடியுங்கள். புகை நேராகவோ சோம்பலாகவோ எழும்பினால் தொடங்கலாம், படுத்துக்கொண்டு ஓடினால் வீட்டுக்குப் போய் இன்னொரு நாள் வாருங்கள்.

எவ்வளவு நேரம்? ரோட்டர், அதாவது சுற்றிச் சுற்றி அடிக்கும் ஹெட், குறைந்தது ஐந்து முழுச் சுற்றாவது சுற்ற வேண்டும், டம்ளரில் அளக்கிற அளவுக்குத் தண்ணீர் சேர வேண்டும். மண்டலத்துக்கு 30 நிமிடம் வைத்தேன். நின்றவுடனே அளந்துவிடுங்கள், வெயில் ஏறினால் டம்ளரிலிருந்தே ஆவியாகும். ஊசி இல்லாத 50 மி.லி. சிரிஞ்ச் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், உறிஞ்சிப் பார்த்து எழுத வேண்டியதுதான். முதல் நாள் நான் ஆறாவது டம்ளரை எழுதிக்கொண்டிருக்கும்போது கல்லூரி நாய் ஒன்று எதிர் வரிசையில் மூன்று டம்ளரை நக்கிக் காலி செய்துவிட்டது. மறுநாள் வாட்ச்மேனைக் கம்போடு நிறுத்திவிட்டு மறுபடி செய்தேன்.

வந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இப்படி இருந்தது, எல்லாம் மி.லி.யில்:

9, 11, 12, 13, 13, 14
16, 17, 18, 19, 20, 21
22, 23, 24, 25, 26, 27
28, 30, 32, 34, 36, 38

மொத்தம் 528. 24-ஆல் வகுத்தால் சராசரி 22 மி.லி. அதாவது 4.4 மி.மீ., அரை மணி நேரத்தில். ஆக மணிக்கு 8.8 மி.மீ. இது உங்கள் ஸ்பிரிங்க்ளர் பொழியும் வேகம். எல்லாக் கணக்குக்கும் அடிப்படை இந்த எண். கம்பெனி கொடுக்கும் அட்டவணையிலும் இது இருக்கும், ஆனால் அது அவர்கள் தரையில், அவர்கள் பிரஷரில்.

அடுத்து, மிகக் குறைவான கால் பங்கு டம்ளர்களை மட்டும் எடுங்கள். 24-இல் கால் பங்கு ஆறு, அதாவது முதல் வரி. அவற்றின் மொத்தம் 72, சராசரி 12. இந்த 12-ஐ மொத்த சராசரி 22-ஆல் வகுத்தால் 0.545. சுமார் 55 சதவீதம். இதைத்தான் சீர்மை என்கிறேன், கம்பெனிக்காரர்கள் வாயில் யூனிஃபார்மிட்டி. ரோட்டர் ஹெட்டுக்கு 70 வந்தால் நல்லது, 80 வந்தால் பிரமாதம், 60-க்குக் கீழே என்றால் நேரத்தைத் தொடாமல் முதலில் ஹெட்டுகளைப் பாருங்கள். சுற்றாமல் விசிறி மாதிரி அடிக்கும் சின்ன ஸ்பிரே ஹெட்டுக்கு இவ்வளவு எதிர்பார்க்க முடியாது, 65 வந்தாலே சந்தோஷப்படலாம்.

விற்க வருகிறவர் இன்னொரு எண்ணைக் காட்டுவார். 1942-இல் கலிஃபோர்னியாவில் கிறிஸ்டியன்சென் என்பவர் கொடுத்த குணகம். ஒவ்வொரு டம்ளரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, விலகல்களைக் கூட்டி, மொத்தத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிப்பது. மேலே உள்ள அதே எண்களுக்கு விலகல் மொத்தம் 162, 528-ஆல் வகுத்தால் 0.31, ஆக குணகம் 69. அதே தண்ணீர், அதே டம்ளர், ஒரு கணக்கில் 55, இன்னொன்றில் 69. பொய் ஒன்றுமில்லை. அந்தக் குணகம் கூடுதலாக விழுந்ததையும் குறைவாக விழுந்ததையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஆனால் தண்ணீர் கூடிய இடத்துக்காக யாரும் எனக்கு போன் செய்ததில்லை, காய்ந்த இடத்துக்காகத்தான் செய்வார்கள். புல்தரைக்குக் கால் பங்குக் கணக்குதான் சரி. யாராவது "எங்களுது 85" என்றால், எந்தக் கணக்கில் என்று கேளுங்கள்.

55 என்றால் நடைமுறையில் என்ன? 90 நிமிடம் ஓடும்போது அந்தக் குறைந்த ஆறு டம்ளர் இடங்களில் விழுந்தது சராசரி 7 மி.மீ., 38 மி.லி. வந்த டம்ளர் இடத்தில் 23 மி.மீ. ஒரே வால்வு, ஒரே இரவு. இந்த இரண்டு எண்ணையும் நிர்வாகத்தில் சொன்னபோதுதான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். சதவீதம் சொன்னவரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சரி, இப்போது வரைபடத்தில் எண்களை அந்தந்த இடத்தில் எழுதுங்கள். சராசரி வியாதி இருக்கிறது என்று சொல்லும், வரைபடம் எங்கே என்று சொல்லும். 9, 11, 12 எல்லாம் ஏழாம் ஹெட்டைச் சுற்றியே இருந்தன, அந்தப் புதைந்து சாய்ந்த ஹெட். தோண்டி, நேராக்கி, கீழே ஒரு நீட்டிப்புத் துண்டு போட்டு, வாய் தரை மட்டத்துக்கு வரும்படி வைத்தோம். நாசிலைக் கழற்றினால் சல்லடையில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. போர்வெல் தண்ணீரில் இது சாதாரணம். வினிகரில் ஊறப்போட்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கம்பியோ ஊசியோ போட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் அந்த நாசில் அவ்வளவுதான்.

34, 36, 38 மூன்றும் பவுண்டரி ஓரம், மூன்றாம் ஹெட்டுக்குப் பக்கம். அது அரை வட்டம் அடிக்கும் ஹெட். அதில் முழு வட்ட ஹெட்டுக்குப் போடும் அதே நாசிலைப் போட்டிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: அதே தண்ணீர், பாதி நிலம். மழை இரண்டு மடங்கு. அரை வட்டத்துக்குப் பாதி அளவு நாசில், கால் வட்டத்துக்குக் கால் அளவு நாசில். மைதானம் போட்ட ஆட்கள் பெட்டியில் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் அனுபவத்தில் புதுப் புல்தரைகளில் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான். சரிசெய்ய ஒரு நாசில் விலையும் பத்து நிமிடமும் போதும்.

சேறு? அதை எந்த டம்ளரும் காட்டவில்லை, காட்டாது. டம்ளர் மேலிருந்து விழுவதைத்தான் பிடிக்கும். எட்டாம் ஹெட்டுக்கும் ஒன்பதாம் ஹெட்டுக்கும் நடுவில் மண்ணுக்குள் ஒரு எல்போ, அதாவது குழாயின் வளைவுத் துண்டு, விரிசல் விட்டிருந்தது. என் கால்தான் கண்டுபிடித்தது, மண்வெட்டி உறுதி செய்தது. கடைசி ஹெட்டுக்குப் போகும் பிரஷரைத் தின்றதும் அதுதான். எல்லா ஹெட்டிலும் பிரஷர் குறைந்திருந்ததற்குக் காரணம் மோட்டார் ரூமில் இருந்த டிஸ்க் ஃபில்டர், திறந்தால் உள்ளே மணலும் பாசியும். கழுவியதும் முதல் ஹெட்டில் 3.5 கிலோ, எல்போ மாற்றியதும் கடைசியில் 3.1.

மறுவாரம் அதே இடத்தில் அதே டம்ளர். சராசரி 23, குறைந்த ஆறின் சராசரி 17. சீர்மை 74. ஒரு நாசிலைச் சிறிதாக்கியும் சராசரி ஏறியிருக்கிறதே என்று அண்ணன் கேட்டார், நல்ல கேள்வி. பிரஷர் கூடியதால்தான்.

இப்போதுதான் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஏப்ரல் கோவை வெயிலுக்கு இந்தப் புல் ஒரு நாளைக்கு 4 மி.மீ. குடிக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடுவதால் 8 மி.மீ. பொழியும் வேகம் இப்போது மணிக்கு 9.2. எட்டை 9.2-ஆல் வகுத்தால் 52 நிமிடம். எல்லா இடத்திலும் சமமாக விழுந்தால் இவ்வளவு போதும், விழவில்லை என்பதால் கொஞ்சம் கூட்ட வேண்டும். சீர்மையை 0.6-ஆல் பெருக்கி 0.4 கூட்டி, அதனால் 52-ஐ வகுங்கள். 0.74-க்கு அது 0.84, ஆக 62 நிமிடம். நேராக 0.74-ஆல் வகுத்தால் 70 வரும், அது அதிகம். மண்ணுக்குள் தண்ணீர் பக்கவாட்டிலும் ஊறும், வேரும் பக்கத்தில் போய்க் குடிக்கும், அதனால் முழுப் பாரத்தையும் நேரத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

90 நிமிடம் 62 ஆனது. மண்டலம் ஒன்று சுமார் 1,700 சதுர மீட்டர், எட்டுக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 50,000 லிட்டர் மிச்சம். 12,000 லிட்டர் லாரியில் நாலு லாரி. அண்ணனுக்கு லாரிக் கணக்கில் சொன்னால்தான் பிடித்தது.

அந்த 62 நிமிடத்தையும் ஒரே மூச்சில் விடாதீர்கள். அங்கே பாதி மைதானம் கரிசல், மணிக்கு 9 மி.மீ. வேகத்தை அது குடிக்காது, வழிந்தோடும். மூன்றாகப் பிரித்து, நடுவில் அரை மணி நேரம் ஊற விட்டு ஓடவிடச் சொன்னேன். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க, மறுநாள் காலை ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள். ஈரம் உள்ள வரைக்கும் சுலபமாக இறங்கும், அப்புறம் நின்றுவிடும். நடு பிட்ச்சை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது களிமண், அதற்கு ஹோஸ் பிடிப்பது தனிக் கலை, அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஜூலையில் இன்னொரு முறை போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்திருந்தது. இந்த முறை அமைதியான நேரத்தைத் தேடவில்லை. காலை எட்டு மணிக்கு அவர்கள் எப்போதும் ஓடவிடும் மண்டலத்தை, அந்தக் காற்றிலேயே அளந்தேன். 74 வந்த இடத்தில் 58. குறைந்த ஆறு டம்ளரும் மேற்கு ஓர வரிசையில், தண்ணீர் எல்லாம் கிழக்கே தள்ளிப் போய் விழுந்திருந்தது. ஹெட்டில் ஒரு குறையும் இல்லை. கன்ட்ரோலரில் அந்த மண்டலத்தை விடிகாலை மூன்று மணிக்கு மாற்றிவிட்டு, அக்டோபர் வரை இப்படியே இருக்கட்டும் என்று கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.